போலியோ: அரசுப் பட்டியலா, தனியார் ஊசியா, முகாம் சொட்டு மருந்து மட்டும் போதுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

குழந்தை பிறந்து நாற்பது நாள் நெருங்கும்போது எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். ஒன்றரை மாத ஊசியை ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்வதா, அல்லது தருமபுரிக்கோ ஓசூருக்கோ போய்க் குழந்தை மருத்துவரிடம் "வலியில்லாத ஊசி" போடுவதா என்பது அந்தப் பேச்சு. கூடவே பாட்டியோ மாமாவோ, "பிறந்த அன்றே சொட்டு மருந்து ஊற்றியாயிற்று, போலியோ முகாமிலும் ஊற்றிவிடுவார்கள், நாட்டில் போலியோவே இல்லை என்கிறார்கள், பிறகு எதற்குக் கையில் இன்னோர் ஊசி?" என்று கேட்பார்கள். இந்த இரண்டு கேள்விகளையும் பலர் என்னிடம் கேட்டிருப்பதால், இரண்டையும் சேர்த்தே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்கு அரசுப் பட்டியலே போதுமானது. சில குடும்பங்களுக்குத் தனியார் ஊசி உண்மையிலேயே பொருந்தும். முகாம் சொட்டு மருந்தை மட்டும் நம்பி இருப்பது எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தாது.

## ஒப்பிடும் முன்: நோயும் இருவகைத் தடுப்பு மருந்தும்

இளம்பிள்ளை வாதம் என்று நம் பெரியவர்கள் சொன்ன போலியோ, குடலில் பெருகி மலத்தின் வழியே வெளியேறி, அசுத்தமான நீர், உணவு, கைகள் வழியாக அடுத்த குழந்தையின் வாய்க்குள் போகும் ஒரு வைரஸால் வருகிறது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. சிலருக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து போகும். ஏறத்தாழ 200 தொற்றுகளில் ஒன்று நரம்பைத் தாக்கி, பெரும்பாலும் காலைத் திரும்ப வராதபடி செயலிழக்கச் செய்கிறது. அப்படி முடங்கியவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர், மூச்சுத் தசைகள் செயலிழந்து இறக்கிறார்கள். வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஒரு குழந்தைக்குக் கால் முடங்கியது வெளியே தெரிவதற்குள் அக்கம்பக்கத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு வைரஸ் பரவியிருக்கும் என்பதால், நோய் கண்ணில் பட்ட பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்க வழியில்லை.

(இங்கே ஒரு சிறு விலகல். நம் இரு மாவட்டங்களிலும் கால் வளைந்த பெரியவர்கள் அனைவரும் போலியோவால் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர். ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்த மிகையான ஃப்ளோரைடு பலரின் எலும்பைக் கெடுத்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அது முக்கியக் காரணம். போலியோவில் வளைவைவிட, ஒரு காலோ கையோ சூம்பித் தொய்ந்துபோவதே அடையாளம்.)

போலியோ வைரஸில் 1, 2, 3 என்று மூன்று வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிரான தடுப்பாற்றல் மற்றொரு வகையிலிருந்து காப்பாற்றாது. இயற்கையாகப் பரவிய வகை 2 ஒழிந்ததாக 2015லும் வகை 3 ஒழிந்ததாக 2019லும் அறிவிக்கப்பட்டன. இயற்கை வகை 1 இன்னும் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டில் 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். இயற்கை வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசிய மண்டலம் முழுவதற்கும் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது.

தடுப்பு மருந்து இரண்டு வகை. சொட்டு மருந்தில் வலு குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருக்கிறது. அது குடலிலேயே தங்கிப் பெருகி, குடலின் உள்சுவரில் எதிர்ப்பை உண்டாக்குவதால், பின்னர் உண்மையான வைரஸ் வந்தாலும் அங்கே எளிதில் குடியேற முடியாது. எனவே பரவலும் அறுபடுகிறது. ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அது இரத்தத்தில் எதிர்ப்பை உண்டாக்கி, வைரஸ் நரம்பை எட்டவிடாமல் குழந்தையின் காலைக் காக்கிறது. ஆனால் ஊசி மட்டும் போட்ட குழந்தையின் குடலில் வைரஸ் பெருகி மற்றவருக்குப் பரவ ஓரளவு இடமிருக்கிறது.

சொட்டு மருந்துக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, நம் சூழலில் அதன் ஆற்றல் குறைவு. குடல் தொற்றுகள் அதிகமுள்ள நம் குழந்தைகளில், மேலை நாடுகளில் மூன்று தவணை தந்த பாதுகாப்பை அதே மூன்று தவணை தருவதில்லை என்பதை, கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜானும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களிலேயே காட்டினர். திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து ஊற்றுவதற்குக் காரணம் இதுவே. இரண்டாவது குறை, மிக அரிதாக, உலக சுகாதார நிறுவனத்தின் பழைய கணக்கின்படி சுமார் 27 லட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில், சொட்டு மருந்திலுள்ள வைரஸே வாதத்தை உண்டாக்கலாம். தடுப்பூசி போடாதவர்கள் நிறைந்த ஊரில் அந்த வைரஸ் நெடுநாள் சுற்றினால், உருமாறி மீண்டும் வீரியம் பெறவும் கூடும். அப்படி உருமாறிப் பரவியவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வகை 2ஆக இருந்ததால், 2016 ஏப்ரல் 25 முதல் இந்தியாவில் சொட்டு மருந்திலிருந்து வகை 2 நீக்கப்பட்டது. ஆகவே இப்போது சொட்டு மருந்து வகை 1, 3 இரண்டிலிருந்து மட்டுமே காக்கும். வகை 2லிருந்து குழந்தையைக் காப்பது ஊசி மட்டுமே. பாட்டியின் கேள்விக்கான விடையில் பாதி இந்த ஒரு செய்தியிலேயே அடங்கிவிடுகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

விலையையும் வலியையும் மட்டுமே பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். நான் ஆறு அளவுகோல்களை வைக்கிறேன்: மூன்று வகை வைரஸிலிருந்தும் காப்பு கிடைக்கிறதா, குடல், இரத்தம் இரண்டிலும் எதிர்ப்பு உண்டாகிறதா, தவணைகளை உரிய வாரத்தில் முடிக்க முடிகிறதா, பயணம், இழக்கும் கூலி ஆகியவை சேர்ந்த உண்மையான செலவு என்ன, மருந்து குளிர்ச்சி கெடாமல் வந்து சேர்கிறதா, போட்டது எங்கேனும் ஒழுங்காகப் பதிவாகிறதா. இவற்றில் மூன்றாவதுதான் நம் மாவட்டங்களில் அதிகம் சறுக்கும் இடம் என்பதால் அதற்கு நான் கூடுதல் எடை தருகிறேன்.

## முதல் வழி: அரசுப் பட்டியல்

பிறந்தவுடன் ஒரு சொட்டு மருந்து. அதைப் பதினைந்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் சொட்டு மருந்து. 6, 14ஆம் வாரங்களிலும் 9ஆம் மாதத்திலும் போலியோ ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் ஊக்கத் தவணையாக மறுபடி சொட்டு மருந்து. ஆக ஐந்து சொட்டு மருந்து, மூன்று ஊசி. ஒன்பதாம் மாத ஊசி 2023 ஜனவரியில்தான் சேர்க்கப்பட்டது; மூத்த பிள்ளைக்கு இது போடப்படவில்லையே என்று சில தாய்மார்கள் குழம்புவது அதனால்தான்.

பலருக்கும் ஐயம் எழுவது இந்த ஊசியின் அளவைப் பார்த்துத்தான். தசையில் போடும் முழு அளவு 0.5 மில்லி, அரசு நிலையத்தில் தோலுக்குள் போடுவது 0.1 மில்லி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. மருந்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று இதைக் கேலியாகப் பேசுவோரும் உண்டு. உலகளவில் ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் இந்த முறை வந்தது உண்மையே. ஆனால் தோலில் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் செல்கள் தசையைவிட மிக நெருக்கமாக இருப்பதால், தோலுக்குள் போடும் இரண்டு சிறு தவணைகள் தசையில் போடும் ஒரு முழுத் தவணையைவிட அதிகமான குழந்தைகளில் எதிர்ப்பை உண்டாக்குவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. சொட்டு மருந்தும் ஊசியும் ஒன்றுக்கொன்று துணைசெய்வதற்கு வேலூரிலேயே சான்று உண்டு. ஏற்கெனவே பல தவணை சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளுக்கு ஒரே ஓர் ஊசி போட்டபோது அவர்களின் குடல் எதிர்ப்பும் கூடியதை அங்கு நடந்து 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கும் அரசுப் பட்டியல், போலியோவைப் பொறுத்தவரை ஏழைகளுக்கான குறைந்த ஏற்பாடு என்று எண்ணுவது தவறு.

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் அங்கன்வாடியில் ஒரு புதன்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீலப் பெட்டியின் நான்கு உள்சுவர்களை ஒட்டியும் உறைபனிக் கட்டிப் பைகள். நடுவில் மருந்துக் குப்பிகள். கிராம சுகாதார செவிலியர் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து, அதன் ஒட்டுத்தாளில் இருந்த சிறு வட்டத்தைத் தாய்க்குக் காட்டினார். ஊதா வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தது. வெப்பம் பட்டால் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. தடுப்பு மருந்துகளில் வெப்பத்தை மிகக் குறைவாகத் தாங்குவது சொட்டு மருந்துதான் என்பதால் இந்தச் சோதனை வெறும் சடங்கன்று. பிறகு போலியோ ஊசியைக் குழந்தையின் வலது மேற்கைத் தோலோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்துச் செலுத்தினார். ஆரஞ்சுப் பழத்தோல் போலத் துளைத்துளையாக ஒரு சிறு தடிப்பு எழுந்தது. "தேய்க்காதீங்க, தானா அமுங்கிடும்" என்றார். குழந்தை முகம் சுளித்ததோடு சரி. வீறிட்டு அழுதது அடுத்து இடது தொடையில் போட்ட ஐந்து நோய்களுக்கான பென்டா ஊசிக்குத்தான். அன்று இரவு காய்ச்சல் வந்தால் அதற்கும் காரணம் அதிலுள்ள கக்குவான் இருமல் மருந்தே. பழி மட்டும் போலியோ ஊசியின் மேல் விழுகிறது.

மறைமுகச் செலவுகளுக்கு வருவோம். மருந்து இலவசம், அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஊசி நாள் புதன்கிழமை என்பதால் அன்றைய கூலி போகும். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால் முற்பகல் முழுதும் கரைந்துவிடும். சித்தேரி மலையிலோ அஞ்செட்டிக் காட்டுப் பகுதியிலோ இருப்பவர்களுக்கு நடையும் பேருந்துக் காத்திருப்பும் தனி. ஒரு வாரம் தவறினால் அடுத்த புதன் வரை காத்திருக்க வேண்டியிருக்கும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மற்ற நாள்களில் போடுகிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாம் என்றாலும்.

பதிவில் இந்த வழிக்கு ஈடில்லை. கருவுற்றபோது பதிந்த பிக்மி எண்ணோடு குழந்தையின் தவணைகள் இணைவதால், தேதி தவறினால் செவிலியர் வீடு தேடி வருவார் அல்லது தொலைபேசியில் அழைப்பார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் குழந்தை பிறந்த பிறகு வரும் பணமும் தடுப்பூசித் தவணைகள் முடிந்ததோடு இணைக்கப்பட்டிருக்கிறது.

## இரண்டாம் வழி: தனியார் மருத்துவமனையின் கூட்டு ஊசி

தனியாரிடம் பொதுவாகப் போடுவது, போலியோவையும் சேர்த்து ஆறு நோய்களுக்கான ஹெக்சா ஊசி. இதில் போலியோ மருந்து முழு அளவில் இருக்கிறது. மூன்று வகைகளிலிருந்தும் காக்கிறது. 6, 10, 14ஆம் வாரங்களில் மூன்று தவணைகளும், ஒன்றரை வயதை ஒட்டி ஊக்கத் தவணையும் உண்டு. நான்கு முதல் ஆறு வயதுக்குள் இன்னொரு தவணையையும் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

"வலியில்லாத ஊசி" என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊசி குத்தும் வலி எதிலும் ஒன்றுதான். இதில் கக்குவான் இருமலுக்கான பகுதி முழு செல்லாக இல்லாமல் பிரித்தெடுத்த பகுதியாக இருப்பதால், வீக்கமும் காய்ச்சலும் குறைகின்றன. கக்குவானுக்கு எதிரான அந்தக் காப்பு முழு செல் மருந்தைவிடச் சற்று விரைவில் தேய்கிறது என்பதை விலையோடு சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. போலியோ காப்புக்கும் இந்த "வலியில்லாத" தன்மைக்கும் தொடர்பே இல்லை.

ஊசிகளின் எண்ணிக்கையையும் எண்ணிப் பார்த்தேன். அரசு நிலையத்தில் ஆறாம் வாரத்தில் பென்டா, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகோக்கல், போலியோ என மூன்று, பத்தாம் வாரத்தில் பென்டா மட்டும் ஒன்று, பதினான்காம் வாரத்தில் மறுபடி மூன்று, ஆக ஏழு. தனியாரிடம் ஒவ்வொரு முறையும் ஹெக்சாவும் நிமோகோக்கலும் என இரண்டிரண்டாக ஆறு. ஒரே நாளில் மூன்று குத்து என்பது பார்க்கும் தாய்க்குக் கொடுமையாகத் தெரிவது உண்மைதான். ஆனால் மூன்று வருகைகளையும் கூட்டினால் வேறுபாடு ஒரே ஓர் ஊசி.

செலவு ஒரு தவணைக்கே சில ஆயிரம் ரூபாய். நிமோகோக்கலும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டும் தனி. மருத்துவர் கட்டணம் தனி. முதல் தவணையை ஆசையோடு போட்டுவிட்டு, மாந்தோப்பிலோ தக்காளியிலோ விலை விழுந்த மாதத்தில் மூன்றாவது தவணையைத் தள்ளிப்போடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். காசுக்காகத் தள்ளிப்போன ஊசியைவிட, உரிய நாளில் போட்ட இலவச ஊசி மேலானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இன்னொரு மறைமுகக் குறை, சொட்டு மருந்து விடுபட்டுப் போவது. ஹெக்சா போடும் இடங்களில் பிறந்த அன்று கொடுப்பதோடு சொட்டு மருந்தை மறந்துவிடுவது உண்டு. அப்படி வளரும் குழந்தையின் கால் பாதுகாப்பாகவே இருக்கும். குடல் எதிர்ப்பு மட்டும் குறைவாக இருக்கும். எனவே தனியார் வழியைத் தேர்ந்தவர்கள் முகாம் நாளில் சொட்டு மருந்தைத் தவறவிடக் கூடாது. "நாங்கள் ஊசியே போட்டுவிட்டோம்" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்துபவர்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பங்களில்தான் இருக்கிறார்கள்.

குளிர்ச்சியைப் பொறுத்தவரை தனியாரை ஒட்டுமொத்தமாகக் குறைசொல்ல முடியாது. நன்றாகப் பராமரிப்பவர்கள் பலர். போலியோ ஊசியும் ஹெக்சாவும் வெப்பத்தைவிட உறைபனியால்தான் எளிதில் கெடும். தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். வீட்டு உபயோகக் குளிர்பெட்டியில் உறைபெட்டிக்கு அடுத்துத் திணித்து வைத்திருந்தால் அது வீணே. வெப்பநிலையை நாள்தோறும் குறிக்கும் தாள் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பதிவு விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே பட்ட அனுபவம் உண்டு. பாலக்கோட்டிலிருக்கும் என் அக்காள் மகள், முதல் இரண்டு தவணைகளை ஒரு தனியார் மருத்துவமனையில் போட்டுவிட்டு மூன்றாவதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனாள். அட்டையில் முத்திரையும் ஒரு கையெழுத்தும் மட்டுமே இருந்தன. மருந்தின் பெயரும் இல்லை, குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் தாளும் இல்லை. போட்டது பென்டாவா ஹெக்சாவா என்று செவிலியரால் சொல்ல முடியவில்லை. ஹெக்சா என்றால் போலியோ ஊசி அதிலேயே அடங்கிவிட்டது. பென்டா என்றால் போலியோ ஊசியே போடப்படவில்லை. மருத்துவமனையைத் தொடர்புகொண்டு விடை பெறுவதற்குள் இரண்டு புதன்கிழமைகள் போய்விட்டன. தனியாரிடம் போட்டால், மருந்தின் பெயர், தேதி, ஒட்டுத்தாள் மூன்றும் அட்டையில் ஏறிய பிறகே இடத்தைவிட்டு எழுந்திருங்கள். அந்த விவரத்தை ஊர்ச் செவிலியரிடமும் காட்டிப் பதியச் சொல்லுங்கள்.

## மூன்றாம் வழி: முகாம் சொட்டு மருந்து மட்டும்

இதை ஒரு வழி என்று எண்ணவே கூடாது. ஆனாலும் பலர் எண்ணுவதால் சொல்ல வேண்டியிருக்கிறது. 1995இல் நாடு முழுவதும் தொடங்கிய முகாமின் நோக்கம், ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுத்து, வைரஸ் தங்க இடமில்லாமல் செய்வது. பேருந்து நிலையம், சுங்கச்சாவடி, சந்தை என்று எங்கு பார்த்தாலும் ஊற்றி, இடது கைச் சுண்டு விரலில் மை வைப்பது அதற்காகத்தான். வழக்கமான தவணைகளுக்கு மேல் கொடுக்கும் கூடுதல் அது, மாற்று அன்று. முன்பு ஆண்டுக்கு இரண்டு முறை நடந்த முகாம் இப்போது குறைந்துவிட்டது. அது நடக்கும்வரை காத்திருந்தால் 6ஆம் வாரமும் 14ஆம் வாரமும் காலண்டரில் கடந்து போயிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வகை 2. 2022இல் லண்டன் கழிவுநீரில் கண்டறியப்பட்டதும், அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசி போடாத ஓர் இளைஞரை முடக்கியதும், 2024இல் காசாவில் பத்து மாதக் குழந்தையின் காலை முடக்கியதும் உருமாறிய வகை 2 வைரஸ்தான். முகாம் சொட்டு மருந்தில் வகை 2 இல்லை. எத்தனை முறை ஊற்றினாலும் அந்த ஓட்டை அடைபடாது.

எதுவுமே போடாமல் விடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓசூரின் தொழிற்பேட்டைகளுக்குப் பல மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் பெங்களூரு. அங்கே பன்னாட்டு விமான நிலையம். வைரஸ் தருமபுரிக்கு வர நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அரசுப் பட்டியல் | தனியார் கூட்டு ஊசி | முகாம் மட்டும் |
|---|---|---|---|
| மூன்று வகைக் காப்பு | உண்டு | உண்டு | வகை 2க்கு இல்லை |
| குடல் எதிர்ப்பு | நன்று | சொட்டு மருந்து சேர்ந்தால் நன்று | ஓரளவு |
| உரிய வாரத்தில் முடிப்பது | புதன்கிழமையை விடாதவரை எளிது | எந்த நாளும் போகலாம். பணம் தடையாகலாம் | முடியாது |
| செலவு | ஒரு நாள் கூலி, பயணம் | தவணைக்குச் சில ஆயிரம் | இல்லை |
| காய்ச்சல் | ஓரிரு நாள் வரலாம் | குறைவு | அரிது |
| பதிவு | உறுதி | கேட்டு வாங்க வேண்டும் | விரல் மை மட்டும் |

## யாருக்கு எது

கிராமத்தில் இருந்து, செவிலியர் முகம் தெரிந்து, புதன்கிழமை ஒருவர் துணைக்கு வரக்கூடிய குடும்பத்துக்கு அரசுப் பட்டியலையே சொல்வேன். கையில் பணம் இருந்தாலும் கூடத்தான்.

ஓசூரில் கணவன் மனைவி இருவரும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள், ஞாயிறு தவிர வேறு நாள் கிடைக்காது, நான்கு தவணைக்குமான பணம் ஒதுக்கி வைத்தாயிற்று என்றால் தனியார் வழி பொருத்தமே. முந்தைய பென்டா ஊசியில் மிகுந்த காய்ச்சலோ வலிப்போ கண்ட குழந்தைக்கு எந்த ஊசி என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு சூழலில் மட்டும் தனியார் வழிக்கோ, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போயே ஆக வேண்டும். குழந்தைக்குப் பிறவியிலேயே நோய் எதிர்ப்புக் குறைபாடு இருந்தால், அல்லது வீட்டில் ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றுக்குப் பின்னரோ எதிர்ப்பாற்றல் குறைந்து இருந்தால், உயிருள்ள வைரஸ் கொண்ட சொட்டு மருந்தைத் தவிர்த்து ஊசி மட்டும் போடச் சொல்வார்கள். இதைச் செவிலியரிடம் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்; அவர்களாகக் கேட்கட்டும் என்று இருக்கக் கூடாது.

ஓரிடத்தில் தொடங்கி மற்றோரிடத்தில் முடிக்கலாமா என்றால், தாராளமாக முடிக்கலாம். இடைவெளி நீண்டுவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், சொட்டு மருந்துத் தவணைகளுக்கிடையே நான்கு வாரமாவது, தோலுக்குள் போடும் முதல் இரண்டு போலியோ ஊசிகளுக்கிடையே எட்டு வாரமாவது இருக்க வேண்டும். சளி, லேசான காய்ச்சல் இருந்தாலும் போடலாம். சொட்டு மருந்து கொடுத்தவுடன் தாய்ப்பால் கொடுக்கலாம். அரை மணி நேரம் பால் கூடாது என்று அழுகிற குழந்தையைப் பட்டினி போட வேண்டாம்.

கடைசியாக, நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கல். தலைப்பிரசவம் தாய்வீட்டில், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கணவன் வீட்டுக்கோ, பெங்களூரில் அவர்கள் கட்டட வேலை செய்யும் இடத்துக்கோ கொண்டுவிடுகிறோம். பதினான்காம் வாரம் என்பது சரியாக மூன்று மாதத்தை ஒட்டி வருகிறது. அந்தப் பயணத்தின் பரபரப்பில் சொட்டு மருந்தின் பதினான்காம் வாரத் தவணையும் இரண்டாவது போலியோ ஊசியும் ஒன்றாக விடுபடுகின்றன. புது ஊரில் அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளலாம்தான். கர்நாடகத்திலும் இதே தேசியப் பட்டியல்தான், கிழமை மட்டும் மாறலாம். ஆனால் போன இடத்தில் நிலையம் எங்கே என்று தெரிந்துகொள்வதற்குள் மாதம் ஓடிவிடுகிறது.

ஆகவே அழைத்துப்போக நாள் குறிக்கும் முன், பிறந்த தேதியோடு 98 நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை பிறந்த குழந்தைக்கு அந்த நாளும் செவ்வாய்க்கிழமையாகவே வரும். மறுநாள் புதன், ஊசி நாள். அதற்குப் பிந்தைய நல்ல நாளாகப் பார்த்துத் தரச் சொன்னால் சோதிடர் மறுக்கப்போவதில்லை.